இன்னிங்ஸ் பாய் நடந்தே தீர்த்த சீசன்

அமெரிக்கா முழுக்கத் தேடினாலும் இன்னிங்ஸ் பாயைப் போல ஒரு பேஸ்பால் ரசிகர் அகப்பட மாட்டார் என்று சத்தியம் செய்ய நான் தயார். ஒரு சீசனுக்கு நூற்று அறுபத்திரண்டு ஆட்டம். அத்தனைக்கும் ஆள் ஆஜர். ஆனால் ஒன்றைக்கூடப் பார்க்க மாட்டார். உள்ளே டிவி ஓடும். இவர் வெளியே அபார்ட்மெண்ட் வராந்தாவில், லிஃப்ட்டிலிருந்து, குப்பையைக் கீழே தள்ளிவிடுகிற குப்பைக் குழாய் வரைக்கும், குப்பைக் குழாயிலிருந்து லிஃப்ட் வரைக்கும் நடந்துகொண்டே இருப்பார். அவர் பார்த்தால் டீம் தோற்றுவிடும். இதை அவர் முதல்முறை சொன்னபோது நான் சிரித்தேன். இரண்டு மாதம் கழித்து எனக்கே பயமாகிவிட்டது.

ஜெர்சி சிட்டியில் ஜர்னல் ஸ்கொயர் ஸ்டேஷனிலிருந்து எட்டு நிமிட நடையில் எங்கள் கட்டடம். பாதிக்கு மேல் பேங்குகளில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிற நம் ஆட்கள். கட்டடத்தில் மூன்று பாய்கள் இருந்தார்கள். இரண்டாம் மாடியில் கேட்டரிங் செய்கிறவர் பிரியாணி பாய். ஐந்தாம் மாடியில் வருமான வரிப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறவர் டாக்ஸ் பாய். நான்காம் மாடியில் என் எதிர் வீட்டில் இருந்தவர் இன்னிங்ஸ் பாய். அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியும். அதைச் சொல்லிக் கேட்டால் கட்டடத்தில் ஒருத்தருக்கும் அடையாளம் தெரியாது.

சொந்த ஊர் அதிராம்பட்டினம். ஒரு பேங்கில் சாஃப்ட்வேர் டெஸ்டர். மனைவி ரஹ்மத் அக்கா, பத்து வயசு மகள் சஃபியா. டீமின் பெயரை நான் எழுதப் போவதில்லை. பாய் தன் வாயால் அதைச் சொல்லவே மாட்டார், கண் பட்டுவிடுமாம். "நம்ம பசங்க" என்பார். ஆற்றைத் தாண்டி நியூயார்க்கில் ஆடுகிற டீம் என்பது வரைக்கும் சொல்லலாம், அதற்கு மேல் சொன்னால் இப்போதும் ஃபோன் போட்டுத் திட்டுவார்.

நான் இதில் மாட்டியது ஒரு பார்சலால். அவர் வீட்டுக்கு வர வேண்டிய டப்பா ஒன்றை என் வாசலில் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கொடுக்கலாம் என்று போனால், பாய் வராந்தாவில் நடந்துகொண்டிருந்தார். கதவு திறந்திருந்தது. "உள்ள குடுத்துடு தம்பி" என்று என் முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டு நடந்தார். உள்ளே ரஹ்மத் அக்கா, "உக்காருங்க தம்பி, டீ போடுறேன்" என்றார். செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலி இருந்தது. நான் உட்கார்ந்தேன். அந்த நிமிஷம் டிவியில் எவனோ ஒருவன் பந்தைத் தூக்கி ஸ்டேடியத்துக்கு வெளியே அடித்தான். டீ கொதிப்பதற்குள் இன்னும் மூன்று ரன்.

வெளியே நடை நின்றது. கதவிடுக்கில் பாயின் குரல் மட்டும் வந்தது.

"யாரு உள்ள இருக்கறது?"

"நான்தான் பாய். பார்சல்."

"எங்க உக்காந்திருக்க?"

"செருப்பு ஸ்டாண்ட் பக்கத்துல."

"எந்திரிக்காத."

அவ்வளவுதான். டீ குடித்தேன், டம்ளரை வைக்க எழுந்தேன், சஃபியா வந்து என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். பாத்ரூம் போக வேண்டும் என்றேன். இன்னும் ரெண்டு அவுட்தான், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றாள். சஃபியாவுக்குத் தமிழ் நன்றாகப் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். இங்கே அவள் பேசுவதையெல்லாம் நான் தமிழில் தருகிறேன், மன்னிப்பாள். அன்றைக்கு ஜெயித்தார்கள். மறுநாள் மாலை ஆறரைக்கு என் கதவு தட்டப்பட்டது.

"தம்பி, ஃப்ரீயா இருந்தா வந்து உக்காரேன். சும்மா உக்காந்தா போதும். பாக்கணும்னுகூட இல்ல."

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இது ஒன்றும் புதுசில்லை. விக்கெட் விழாமல் இருக்க ஒருத்தனை வாசல்படியில் ஒற்றைக் காலில் நிற்க வைத்த வீடுகள் எனக்குத் தெரியும். திருச்சியில் பாய் படித்தபோது ஹாஸ்டல் பையன்கள் அவரைக் குளியலறையில் வைத்துத் தாழ் போட்டுவிட்டு ஒரு ஃபைனல் பார்த்தார்களாம். இந்தியா ஜெயித்தது. கொண்டாட்டத்தில் தாழைத் திறக்க மறந்து போனார்கள். "ஒன்றரை மணி நேரம் தம்பி. ஆனா ஜெயிச்சோம்ல" என்பார், அதில் ஒரு சின்னப் பெருமைகூட இருக்கும். கிரிக்கெட்டில் இதெல்லாம் வருஷத்துக்கு நாலு நாள் வரும். மனுஷன் அதைக் கொண்டுவந்து, அநேகமாக தினம் ஒரு மேட்ச் என்று ஆறு மாசம் ஆடுகிற ஆட்டத்தில் போட்டதுதான் எங்கள் எல்லோருக்கும் பிடித்த சனி.

இந்தப் பேங்கில் சேர்ந்த புதிதில் டீம் லீட் டோனி அவரை ஸ்டேடியத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறார். போன இரண்டு தடவையும் தோல்வி. மூன்றாம் தடவை, மொத்தம் ஒன்பது இன்னிங்ஸில் எட்டாவதில், அங்கே விற்கிற பெரிய உப்பு முறுக்கு ஒன்று வாங்க எழுந்து போனார். கையில் முறுக்கு வருவதற்குள் நம்ம பசங்க ஐந்து ரன் அடித்துவிட்டார்கள். பாய் முறுக்குடன் அங்கேயே நின்றுவிட்டார். அதற்குப் பிறகு வருஷத்துக்கு மூன்று தடவை ஸ்டேடியத்துக்குப் போவார், உள்ளே இறங்க மாட்டார். கடைகள் இருக்கிற வட்டப் பாதையில் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி நடப்பார். அங்கே நிற்கிற மலை மாதிரி செக்யூரிட்டிக்காரர் அவருக்குப் பழக்கம். ஒவ்வொரு சுற்றிலும் விரலைக் காட்டி எத்தனையாவது ரவுண்டு என்று எண்ணிச் சொல்வாராம்.

நான் ஒரு நாள் நியாயம் பேசிப் பார்த்தேன்.

"பாய், நீங்க பாக்காதப்பவும் பாதி மேட்ச் தோக்கறாங்களே."

"பாதி ஜெயிக்கறாங்கல்ல? நான் பாத்தா அந்தப் பாதியும் போயிடும்."

ரஹ்மத் அக்கா மார்க்கப் பக்கமாக வந்து தாக்குவார். "ராசி, சகுனம் இதெல்லாம் நம்பறது பாவம்ங்க. பள்ளிவாசல்ல இமாம்கிட்ட சொல்லவா?" பாய் பதறிப் போவார். "நான் எங்க நம்பறேன்? நம்பவே இல்ல. ரிஸ்க் எதுக்கு எடுக்கணும்னு பாக்கறேன். இது டிஃபெக்ட் ரஹ்மத். ரிப்ரொட்யூஸ் ஆகுது, திரும்பத் திரும்ப வருது. பத்துக்குப் பத்து ஆகுது."

நிஜமாகவே அதற்கு ஒரு டிஃபெக்ட் ஷீட் வைத்திருந்தார். ஆபீசில் சாஃப்ட்வேரில் தப்பு கண்டுபிடித்தால் எப்படி எழுதுவாரோ, அச்சு அசல் அப்படியே. என்ன செய்தோம், என்ன எதிர்பார்த்தோம், என்ன நடந்தது, எவ்வளவு கடுமை. "நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்தினோம். எதிர்பார்த்தது: வெற்றி. நடந்தது: தோல்வி. கடுமை: அதிகம்." "ரஹ்மத் டிவி முன்னால் வெங்காயம் நறுக்கினாள். எதிர்பார்த்தது: ஒன்றுமில்லை. நடந்தது: ஆறு ரன். மறுபடி சோதிக்கவும்." அடுத்த நான்கு நாள் அந்த வீட்டில் தேவையே இல்லாமல் வெங்காயம் நறுக்கப்பட்டது. ஐந்தாம் நாள் அக்கா கத்தியை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மூன்றாம் மாடியில் ஒரு போலந்துப் பாட்டியம்மா. தன் மாடிக் குழாய் அடைத்துக்கொண்டதால் குப்பை போட மேலே வந்த இடத்தில், பாய் வராந்தாவில் தலையைக் குனிந்துகொண்டு நடப்பதை நாலைந்து தடவை பார்த்திருக்கிறார். பெண்டாட்டி வீட்டைவிட்டுத் துரத்திவிட்டாள் என்று முடிவு கட்டி, ஒரு கிண்ணம் பீட்ரூட் சூப்புடன் வந்து அவரைத் தட்டிக்கொடுத்து, போய் மன்னிப்புக் கேள், பெண்கள் மனசு இளகிவிடும் என்று புத்தி சொன்னார். பாய் மறுத்துப் பேசவில்லை. பேச்சு வளர்ந்தால் இன்னிங்ஸ் போய்விடும். சூப்பை வாங்கிக்கொண்டு நடந்தார். விஷயம் தெரிந்து ரஹ்மத் அக்கா இரண்டு நாள் அவரிடம் பேசவில்லை. அந்த இரண்டு நாளும் டீம் ஜெயித்தது என்று ஷீட்டில் ஒரு வரி ஏறியது.

ட்ரெயினில் இன்னொரு கூத்து. ஆபீஸ் விட்டு வரும்போது பக்கத்துச் சீட்டில் யாராவது ஃபோனில் ஆட்டம் பார்த்தால் பாய் கண்ணை மூடிக்கொள்வார். ஒரு நாள் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜர்னல் ஸ்கொயரில் இறங்க வேண்டியவர் கண்ணைத் திறக்காமல் கடைசி ஸ்டேஷன் நெவார்க் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டார். "ஜெயிச்சாச்சு தம்பி, அது போதும்" என்று ஒன்பது மணிக்கு வந்து நின்றார்.

நான் ஏன் போய் உட்கார்ந்தேன் என்று நீங்கள் கேட்கலாம். இடியாப்பமும், அவர்கள் ஆணம் என்கிற கறிக் குழம்பும் என்று ஒரு காரணம். தனிக்கட்டை, ஃப்ரிட்ஜில் தயிரும் ஊறுகாயும் மட்டும் என்று இன்னொரு காரணம். பேஸ்பால் எனக்கு அப்போதும் புரியாது. பந்தை அடித்துவிட்டு மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடுகிற ஆட்டத்தில் என்ன மரியாதை இருக்க முடியும் என்று தோன்றும்.

இப்படியே போயிருந்தால் இது வெறும் சிரிப்புக் கதை. ஆகஸ்ட் முதல் வாரம் பாய்க்கு வேலை போய்விட்டது.

பேங்கில் ப்ராஜெக்டை மூடினார்கள், கான்ட்ராக்ட்காரர்களை அனுப்பிவிட்டார்கள். விசாவில் இருக்கிறவர்களுக்கு அடுத்தது என்ன என்பது மனப்பாடம். அறுபது நாள். அதற்குள் வேறொரு கம்பெனி எடுத்துக்கொண்டு பேப்பர் போட வேண்டும். இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். சஃபியா இங்கே பிறந்தவள், அவளுக்கு ஊர் என்றால் ஜெர்சி சிட்டிதான். கடைசி நாள் டோனி அவருக்கு மூன்று டிக்கெட் கொடுத்தார். செப்டம்பர் கடைசியில், ஒரு வியாழக்கிழமை மத்தியானம், சீசனின் கடைசி உள்ளூர் ஆட்டம். பாய் அதை ஃப்ரிட்ஜ் மேல் காந்தத்தில் ஒட்டினார். அறுபது நாளில் ஐம்பத்தி மூன்றாவது நாள் அது.

நடை இப்போது கூடிவிட்டது. முன்பெல்லாம் ஆட்டம் இருந்தால்தான் நடப்பார். இப்போது காலையில் நடந்தார், மத்தியானம் நடந்தார், ஆட்டமே இல்லாத நாளிலும் லிஃப்ட்டுக்கும் குப்பைக் குழாய்க்கும் போய்ப் போய் வந்தார். ஒரு நாள் சாயங்காலம் லேப்டாப்புடன் என் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, ஒரு ஹெல்ப். என் மெயில் பாஸ்வேர்ட மாத்து. எனக்குச் சொல்லாத. உன் ஃபோன்ல போட்டு வெச்சுக்க."

"எதுக்கு பாய்?"

"மூணு இண்டர்வ்யூ. மூணு ரிசல்ட்டும் நான் ஓப்பன் பண்ணேன், மூணும் போச்சு. இனிமே நீ பாரு."

"பாய், மெயில் நீங்க பாக்கறதுக்கு முன்னாடியே அவங்க எழுதி அனுப்பிடறாங்க."

"தெரியும். எனக்கென்ன அறிவு இல்லயா? இருந்தாலும் நீ பாரு."

அவருக்கு வேலை வேண்டாம் என்று வருகிற கடிதமெல்லாம் அன்றையிலிருந்து எனக்கு வர ஆரம்பித்தது. முதல் பத்தியில் நன்றி, இரண்டாம் பத்தியில் 'அன்ஃபார்ச்சுனேட்லி'. மொத்தம் ஏழு. ஒன்றைக்கூட அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வராந்தாவில் கடக்கும்போது, "என்ன தம்பி?" என்பார். "ரெயின் டிலே பாய்" என்பேன். மழையால் ஆட்டம் நிற்கிறது, தோற்கவில்லை என்று அர்த்தம். அவர் தலையை ஆட்டிவிட்டு நடப்பார். ஏழு தடவை பொய் சொன்ன பாவம் என் கணக்கில் இருக்கிறது, ரஹ்மத் அக்கா எனக்காகவும் சேர்த்து அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டிருப்பார் என்று நம்புகிறேன்.

ஜெயிக்க வேண்டும் என்று தொழுகையில் கேட்கலாமே பாய் என்று ஒரு நாள் வாயைக் கொடுத்தேன். "சீச்சீ. பந்து ஆட்டத்தையெல்லாம் அல்லாஹ்கிட்ட கேப்பாங்களா? நான் வேலைய மட்டும்தான் கேக்கறேன்" என்றார்.

இதற்கிடையில் நம்ம பசங்க என்ன செய்தார்கள் தெரியுமா? ஜெயித்துக்கொண்டே வந்தார்கள். பாய்க்கு வேலை போன வேளை, அவர் முழு நேரமும் நடந்த வேளை, எங்கோ கிடந்த டீம் மேலே ஏறிவிட்டது. டோனி கொடுத்த அந்த வியாழக்கிழமை ஆட்டம் இப்போது வாழ்வா சாவா ஆட்டம். ஜெயித்தால் அடுத்த சுற்று. தோற்றால் அதோடு சரி.

வீட்டில் அட்டைப் பெட்டிகள் வர ஆரம்பித்தன. "சும்மா க்ளீன் பண்றேன் தம்பி" என்று ரஹ்மத் அக்கா பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றினார். சஃபியாவுக்கு எதுவும் தெரியாது என்று இருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

வியாழக்கிழமைக்கு ரஹ்மத் அக்கா வரவில்லை என்றுவிட்டார். "எட்டு வருஷமா நடக்கறவர பாத்துட்டேன், அங்க வந்து வேற பாக்கணுமா? நீங்க போங்க தம்பி, உங்க சீட்டுதான் ராசியாமே." பள்ளிக்கூடத்துக்கு சஃபியாவுக்கு உடம்பு சரியில்லை என்று எழுத பாய் சம்மதிக்கவில்லை, பொய் ஆகாது. 'குடும்ப விஷயம்' என்று எழுதினார். நான் என் ஆபீசுக்கு வயிற்று வலி என்று எழுதினேன்.

ஸ்டேடியத்தில் எங்களைச் சீட் வரைக்கும்கூடக் கொண்டுவிடாமல், படிக்கட்டு ஆரம்பத்திலேயே நின்றுகொண்டார். தன் ஃபோனை அணைத்தார். யாராவது ஸ்கோர் அனுப்பிவிடுவார்களாம்.

"சஃபியா, அங்கிள் எந்திரிக்காம பாத்துக்க."

சஃபியா அவர் கையை விடவில்லை. "வாப்பா, இன்னிக்கு மட்டும் என்கூட உக்காருங்க."

"இன்னிக்கா? இன்னிக்கு எப்படிம்மா முடியும்? இன்னிக்கு போய் எப்படி?"

அவர் போய்விட்டார். நாங்கள் உட்கார்ந்தோம். அவளுக்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் காலி சீட். மூன்றாவது இன்னிங்ஸில், மைதானத்தைப் பார்த்தபடியே சொன்னாள். அறுபது நாள் விஷயம் எனக்குத் தெரியும் அங்கிள். இன்னும் ஏழு நாள் இருக்கிறது. அடுத்த வருஷம் நாங்கள் இங்கே இருக்க மாட்டோம். அதனால்தான் வாப்பா ஒரு மேட்சாவது என்னோடு பார்க்க வேண்டும். தோற்றாலும் பரவாயில்லை.

முறுக்கு சாப்பிடுகிறாயா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

ஒன்பதாவது இன்னிங்ஸ். கடைசி. நம்ம பசங்க இரண்டு ரன் பின்னால். மூன்று அவுட் ஆனால் முடிந்தது, ஒன்று ஆகிவிட்டது. ஆனால் இரண்டு பேர் பாதி வழி ஓடி பேஸில் நிற்கிறார்கள், ஒரு பெரிய அடி விழுந்தால் வெற்றி, ஸ்டேடியமே எழுந்து நின்று கத்துகிறது. சஃபியாவும் நானும் மட்டும் உட்கார்ந்திருக்கிறோம், ஏனென்றால் நான் எழக்கூடாது. அப்போது என் சட்டைப் பையில் ஃபோன் அதிர்ந்தது.

பாய்க்கு வந்த மெயில். டெக்சஸில் ப்ளேனோவிலிருந்து, போன வாரம் இண்டர்வ்யூ செய்த கம்பெனி. முதல் பத்தி நன்றி. இரண்டாம் பத்தியை நான் நாலு தடவை படித்தேன். அன்ஃபார்ச்சுனேட்லி இல்லை. எடுத்துக்கொண்டோம், விசா பேப்பரை நாளைக்கே போடுகிறோம் என்று இருந்தது.

என்னை அறியாமல் பாதி எழுந்துவிட்டேன். சஃபியாவின் கை என் சட்டையைப் பிடித்தது. பழக்கம், அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு குடும்பத்தின் தலையெழுத்து என் கையில் இருக்கிறது, நாற்காலியை விட்டு எழ எனக்கு உரிமை இல்லை. பாயின் ஃபோனோ அணைந்து கிடக்கிறது. ஃபோனை அவளிடம் நீட்டினேன். மெதுவாகப் படித்தாள்.

"ப்ளேனோ எங்க இருக்கு?"

"டெக்சஸ்ல."

"அங்க வேற டீம்."

"ஆமா."

ஃபோனை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். பிறகு என் சட்டையை விட்டாள். "ஓடுங்க அங்கிள்."

எழுந்தேன். வரிசையில் இருந்த பதினாலு பேர் காலையும் மிதித்துக்கொண்டு, ஒருத்தர் சிப்ஸைத் தட்டிவிட்டு வெளியே வருவதற்குள், பின்னால் ஸ்டேடியம் மொத்தமும் 'ப்ச்' என்று பெருமூச்சு விட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பாயைத் தேடி வட்டப் பாதையில் ஓடினேன். அவர் நடை எனக்கு ஓட்டத்துக்குச் சமம். அரை ஸ்டேடியம் ஓடிய பிறகுதான் எதிர்ப்பக்கமாக ஓடியிருந்தால் அவரே வந்து மோதியிருப்பார் என்று புத்தி வந்தது. திரும்பினேன். செக்யூரிட்டிக்காரர் பதினேழாவது ரவுண்டு என்று எண்ணிச் சொல்லிக்கொண்டிருக்க, பாய் வந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார்.

"சொல்லாத. எதுவும் சொல்லாத. ஏன் எந்திரிச்ச நீ?"

"பாய், ஸ்கோர் இல்ல. மெயில்."

கை மெல்ல இறங்கியது.

"முழுசா படிச்சியா?"

"படிச்சேன்."

"ரெண்டாவது பாரா?"

"படிச்சேன் பாய். ப்ளேனோ. நாளைக்கே பேப்பர் போடறாங்களாம்."

பாய் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். முறுக்கு சுற்றிக் கொடுத்த காகிதம் கையில் இருந்தது, அதால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அதிலிருந்த உப்பு பட்டு இன்னும் கொஞ்சம் கண்ணீர் வந்தது. செக்யூரிட்டிக்காரர் ஓடி வந்து, என்ன சார், தோற்றுவிட்டோமா என்று கவலையோடு கேட்டார். ஐம்பத்தி மூன்று நாளாக நடந்த மனுஷன் முதல் தடவையாக உட்கார்ந்திருப்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எத்தன அவுட்?" என்றார் பாய், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"இப்ப ரெண்டாயிருக்கும்னு நெனக்கிறேன்."

"சஃபியா என்ன சொன்னா?"

"ஓடுங்கன்னா. அதான் ஓடி வந்தேன்."

அவர் என் பின்னால் எட்டிப் பார்த்தார். முகம் மாறியது. "புள்ள எங்க?"

"சீட்லதான்."

"தனியா விட்டுட்டா வந்த?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. நாற்பதாயிரம் பேர் கத்துகிற இடத்தில் ஒரு பத்து வயசுக் குழந்தையை உட்கார வைத்துவிட்டு நான் ஸ்டேடியத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். "அறிவிருக்கா ஒனக்கு" என்றார். எட்டு வருஷமாக முதுகைக் காட்டிய மைதானத்துக்குள், என்ன ஸ்கோர், யார் ராசி, எதுவும் யோசிக்காமல், படிக்கட்டில் இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கினார். நான் பின்னாலேயே இறங்கினேன்.

சஃபியா அங்கேயே இருந்தாள். பாய் அவளை இழுத்து அணைத்துக்கொண்டு காலி சீட்டில் விழுந்தார். தலையைக் குனிந்து அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். எங்கே வந்திருக்கிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். எழப் பார்த்தார். சஃபியா அவர் தாடையைப் பிடித்து மைதானத்தின் பக்கம் திருப்பினாள்.

"பாருங்க வாப்பா."

பார்த்தார். பந்து வந்தது. நம்ம பையன் அடித்தான். நீல வானத்தில் ஏறியது, ஏறிக்கொண்டே போனது, நாற்பதாயிரம் பேரும் மூச்சைப் பிடித்தார்கள். எனக்குப் புரியாத ஆட்டம்தான், நானும் கழுத்தை உயர்த்திப் பந்தையே பார்த்தேன். கடைசிச் சுவர் ஓரத்தில் ஒருத்தன் எகிறி அதைப் பிடித்துவிட்டான்.

முடிந்தது. சீசன் முடிந்தது. சுற்றிலும் ஆட்கள் தொப்பியைக் கழற்றினார்கள், எழுந்து போகத் தொடங்கினார்கள். பாய் அசையவில்லை.

"சாரிம்மா" என்றார்.

"கடைசி வரைக்கும் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"கண்ண மூடாம?"

"மூடல."

சஃபியா அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். ஸ்டேடியம் காலியாகி, பெருக்குகிறவர்கள் வந்து போகச் சொல்லும் வரை இருவரும் எழவில்லை. நானும் எழவில்லை. எதற்கு வம்பு.

தோல்விக்கு யார் காரணம் என்பது இன்னும் முடியாத வழக்கு. தான் பார்த்ததுதான் என்கிறார் பாய். அங்கிள் சீட்டை விட்டு எழுந்ததுதான் என்கிறாள் சஃபியா. இரண்டும் இல்லை, அவன் நன்றாக அடிக்கவில்லை என்கிறார் ரஹ்மத் அக்கா. அதை யாரும் காதில் வாங்குவதில்லை.

இரண்டு வாரத்தில் ப்ளேனோவுக்குக் கிளம்பினார்கள். அங்கே ஒரு டீம் இருக்கிறது, பாய் அதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. எங்கும் காரில் போகிற ஊர், வராந்தா கிடையாது, வீட்டைச் சுற்றி நடக்கிறாராம். நம்ம பசங்க ஒன்பதாவது இன்னிங்ஸில் இருந்தால் எனக்கு ஃபோன் வரும். "பாத்துட்டு இருக்கியா? சரி, பாரு. எனக்குச் சொல்லாத."

போகும்போது மடக்கு நாற்காலியை என் வீட்டில் வைத்துவிட்டுப் போனார், டிஃபெக்ட் ஷீட்டையும் எனக்கு அனுப்பினார். அதன் கடைசி வரி இப்படி இருக்கிறது. "என்ன செய்தோம்: சஃபியாவோடு உட்கார்ந்து ஆட்டம் பார்த்தேன். எதிர்பார்த்தது: தோல்வி. நடந்தது: தோல்வி." கடுமை என்ற கட்டத்தை மட்டும் அவர் நிரப்பவில்லை.

எனக்கு பேஸ்பால் இன்றைக்கும் புரியாது. கல்யாணம் ஆகிவிட்டது, வீட்டில் நல்ல சோஃபா இருக்கிறது. ஆனாலும் ஏப்ரலில் சீசன் தொடங்கிவிட்டால் அந்த நாற்காலியைச் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் விரித்துப் போட்டு, கடைசி அவுட் வரைக்கும் எழாமல் உட்கார்ந்திருக்கிறேன். எங்கேயோ ப்ளேனோவில் ஒருத்தர் நடந்துகொண்டிருப்பார்.